எழுதியா குடுத்தேன்?

இல்லீங்க, கல்யாணத்துக்குப் போயிட்டு வரல. கரை வேட்டியும் புதுச் சட்டையும் பாத்துட்டுக் கேக்கறீங்க. காலையில வர்றப்ப கண்டக்டரும் அதையேதான் கேட்டாரு. அப்பச் சிரிச்சுட்டே சொன்னேன், எம் புள்ள காலேஜுல மேடையேறிப் பேசுது, பெத்தவங்க வரோணும்னு சொல்லியிருக்காங்க, அதான் போறேன்னு. இப்ப நீங்க கேக்கறப்பச் சிரிப்பு வர மாட்டேங்குது.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கறீங்களா. ஆங், போதும் போதும். நீங்க ஈரோடா? நான் திருச்செங்கோடுங்க, ஈரோட்டுல எறங்கி மாறோணும். பேரு நாச்சிமுத்து. ரிக் வண்டி வெச்சிருக்கேன். போர் போடற வண்டிங்க. எங்கூர்ல தடுக்கி விழுந்தா ஒரு ரிக் ஓனரு மேலதான் விழோணும். வண்டி கர்நாடகாவுலயோ மத்தியப் பிரதேசத்துலயோ பூமியத் தொளச்சுட்டு இருக்கும், ஓனரு ஊர்ல உக்காந்து போன்ல பேசிட்டு இருப்பாரு. அதான் எங்க பொழப்பு.

காரு இருக்குதுங்க, இல்லாம என்ன. சம்சாரத்தோட தம்பி மோகனசுந்தரம் ஏதோ அவசரமுன்னு எடுத்துட்டுப் போயிட்டான். அதனால பஸ்ஸு.

உங்ககிட்டச் சொல்றதுல ஒண்ணுமில்லீங்க. வெளியாளுகிட்டச் சொன்னாத்தான் ஞாயம் தெரியும். சொந்தக்காரங்க ரெண்டு பக்கமும் தலையாட்டுவாங்க. நீங்க என்னையும் பாத்ததில்ல, அந்த அர்த்தனாரியையும் பாத்ததில்ல. முழுசாக் கேளுங்க. தப்பு எம்மேல இருந்தாத் தப்புன்னே சொல்லுங்க. இருக்காது. இருந்தாலும் சொல்லுங்க.

அர்த்தனாரிங்கறது எங்கிட்ட இருந்த மேனேஜருங்க. ரிக் வண்டியில மேனேஜருன்னா ஆபீஸுல உக்கார்ற மேனேஜர் இல்ல. வண்டியோடயே ஊரூராப் போறவன். ஆளுங்களுக்குச் சோறு பாக்கறது, போர் போடச் சொல்ற பார்ட்டிகிட்டப் பேசறது, எங்க தொளைக்கறது, எப்ப நிறுத்தறது, எல்லாம் அவந்தான். எங்கிட்டச் சின்னப்பையனா தொளைக்கற ராடு தூக்க வந்தவன். அப்பறம் டிரில்லரானான், அப்பறம் மேனேஜர். கன்னடம், இந்தி எல்லாம் வண்டியிலயே படிச்சுக்கிட்டான். ராய்ச்சூர்ப் பக்கத்துல கம்பெனி பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாதுங்க. அர்த்தனாரி வண்டின்னாத்தான் தெரியும். அதுவே எனக்கு அப்பக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனா நான் காட்டிக்கல.

அவன் என்னைய அண்ணான்னு கூப்பிடுவான். எம் புள்ள மிருதுளா அவனைச் சித்தப்பான்னு கூப்பிடும். ஒரு வருசம் பள்ளிக்கூட லீவுல அடம்புடிச்சு வண்டியோட கொப்பல் வரைக்கும் போயி ஒரு வாரம் இருந்துட்டு வந்துச்சு. சேறும் கல்லுத்தூளுமா வந்து நின்னுச்சு பாருங்க, ஊட்டுல அவங்கம்மா கத்துன கத்து. அப்பிடி வளந்த புள்ள.

அது பிளஸ் டூ படிக்கறப்ப நடந்ததுங்க இது. நாமக்கல்லுக்காரர் ஒருத்தரு ஆப்பிரிக்காவுக்கு வண்டி கொண்டுபோனாரு. அர்த்தனாரியக் கூப்பிட்டாரு. சம்பளமில்ல, வர்ற லாவத்துல பங்கு, குடும்பத்தையும் கூட்டிட்டு வான்னு. அவன் வந்து எங்கிட்டச் சொல்றான். மழைக்காலம், வண்டி ஊருக்கு வந்து எங்க களத்துல நிக்குது. நான் என்ன சொல்லுவேன்? போன்னா நாளைக்கு வண்டிய யாரு பாக்கறது? அவன் தோள் மேல கையப் போட்டேன்.

"அர்த்தனாரி, அடுத்த வண்டி எடுக்கறேன். அதுல பாதி உன்னுது. நீ எதுக்கு இன்னொருத்தங்கிட்டப் போயி, தெரியாத சீமையில நிக்கோணும்?"

"நெசமாவாங்ணா?"

"நான் சொன்னாப் போதாதா?"

"போதுங்ணா"ன்னான். அவ்வளவுதான். அடுத்த நாளே நாமக்கல்லுக்காரருக்கு வரலைன்னு சொல்லிட்டான். நான் சொன்னப்ப எம் புள்ளையும் பக்கத்துலதான் நின்னுது, ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டு வந்துச்சு. சின்னப்புள்ள, காதுல வாங்குச்சோ என்னமோன்னு நினைச்சேன். வாங்கியிருக்குதுங்க. ஒரு வார்த்தை விடாம வாங்கியிருக்குது.

அப்பறம் ரெண்டு வருசம் அந்த வண்டி ஓடுன ஓட்டம் இருக்கே! டயரு மாத்தறதுக்குக்கூட எங்கிட்டக் கேக்காம, மலிவா எங்க கெடைக்கும்னு தேடி மாத்துவான். பொங்கலுக்கு மத்த வண்டியெல்லாம் ஊருக்கு வரும், நம்ம வண்டி வராது. "சீசன் நல்லாருக்குதுங்ணா, விட்டுட்டு வர மனசில்ல"ம்பான். பங்கு வரப்போகுதில்ல, அதான். அத நான் குத்தம் சொல்லல.

புது வண்டியும் எடுத்தேன். எடுக்கற நேரம் பாத்து மோகனசுந்தரத்தோட தறிப்பட்டறை படுத்துருச்சு. சம்சாரம் நாலு நாளு சாப்பிடாம அழுகுது. தம்பி நடுத்தெருவுல நிக்கறான், நீங்க எவனோ ஒருத்தனுக்குப் பங்கு குடுக்கறீங்கன்னு. நீங்க குடும்பஸ்தருதானே, சொல்லுங்க, என்ன பண்ணுவீங்க? புது வண்டியில மோகனுக்குப் பாதின்னு எழுதிட்டேன். அவனுக்கு எழுதித்தானுங்க குடுத்தேன். சொந்தக்காரன் பாருங்க, பின்னால பேச்சு வந்துரக் கூடாது.

அர்த்தனாரிகிட்டச் சொன்னேன், "இது இப்பிடி ஆகிப்போச்சு. அடுத்த வண்டி பாத்துக்கலாம்"னு. அவன் புது வண்டிப் பூசைக்கு வந்தான், பூசணிக்கா ஒடைச்சான், எல்லாருக்கும் சந்தனம் குடுத்தான், பழைய வண்டிய எடுத்துட்டு வெளியூர் லைனுக்குப் போயிட்டான். மனசுல ஏதாச்சும் இருந்தா அப்பவே கேட்டிருக்கோணுமில்ல? கேக்கல. சரி, அவனுக்குச் சம்மதம்னுதானே நான் நினைக்க முடியும்?

அப்பறம் மோகன் ஒரு ரோசனை சொன்னான். படிச்சவன், அவனுக்கு இதெல்லாம் தெரியும். "மாமா, வண்டி எங்க நிக்குது, என்ன பண்ணுதுன்னே நமக்குத் தெரியல. ஜிபிஎஸ் மாட்டுங்க. ராடு எறக்க எறக்கப் போட்டோ அனுப்பச் சொல்லுங்க"ன்னான். செஞ்சோம். அர்த்தனாரி போட்டோ அனுப்புவான். முன்ன ராத்திரியானாப் போன் பண்ணி, இன்னைக்கு இந்த ஊருங்ணா, மண்ணு இப்பிடிங்ணா, தண்ணி நல்லா வந்துச்சுங்ணான்னு பேசுவான். போட்டோ அனுப்ப ஆரம்பிச்சதும் பேச்சு நின்னு போச்சு. வெறும் போட்டோ.

ஒரு நாளு மோகன் சொன்னான், பழைய வண்டிக்கு டீசல் எச்சாப் போகுதுன்னு. கேட்டேன். கேக்கத்தானே செஞ்சேன்? திருடுனயான்னா கேட்டேன்? டீசல் என்னப்பா இவ்வளவு ஆகுதுன்னேன்.

வண்டி இஞ்சின நிறுத்தச் சொல்லி ஆளுங்ககிட்டச் சொன்னான். அப்பறம், "அண்ணா, இது நீங்க கேக்கறீங்களா, மோகன் கேக்கச் சொன்னாரா?"ன்னான்.

"யாரு கேட்டா என்னப்பா?"

"ஒண்ணுமில்லீங்ணா. சரிங்ணா."

அடுத்த வாரம் வண்டி ஊருக்கு வந்துருச்சுங்க. மாசி மாசம். சீசன் உச்சம். எல்லா ஊர்லயும் கெணறு வத்தி, போர் போடச் சனம் வரிசையில நிக்கற நேரம். வண்டியக் கழுவித் தொடைச்சு, டேங்க் நெறய டீசலப் போட்டு, களத்துல நிறுத்திட்டான். சாவியக் கொண்டாந்து எம் முன்னால வெச்சான். உக்காருன்னேன், உக்காரல.

"நான் நின்னுக்கறனுங்ணா"ன்னான். நின்னுக்கறேன்னா எங்க பக்கத்துல வேலைய விட்டு நிக்கறேன்னு அர்த்தம்.

"நடுச் சீசன்ல இப்பிடிப் பண்ணலாமா அர்த்தனாரி? ஒரு நன்றி வேண்டாமா?"

"வண்டிய எங்கயும் விட்டுட்டு வரலீங்ணா. கொண்டாந்து விட்டுட்டேன்"னான். கும்பிட்டான், போயிட்டான். அடுத்த நாளு காலையில பாத்தா வண்டியில இருந்த ஆளுங்க ஒருத்தரும் இல்ல. சமையல்காரன்கூட இல்ல. கூண்டோட போயிட்டாங்க.

இதத் துரோகம்னு சொல்லாம வேற என்னங்க சொல்றது? எம் உப்பத் தின்னவங்க எல்லாரும்.

அந்தச் சீசன் போச்சு. மோகன் புது ஆளுங்கள வெச்சுப் பழைய வண்டிய எடுத்துட்டுப் போனான், குல்பர்காப் பக்கத்துல மண்ணு சரிஞ்சு, பாறைய ஒடைக்கற ஹேமரு உள்ளயே மாட்டிக்கிச்சு. ராடோட போச்சு. அர்த்தனாரிக்கு ஒரு மனசு இருந்தா, போகறதுக்கு முன்னால மோகனுக்கு நாலு விசயம் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கோணுமில்ல? சொல்லிக் குடுக்கல. அதையும் நான் பொறுத்துக்கிட்டேன்.

அந்தச் சமயம் லீவுக்கு வந்த எம் புள்ள எங்கிட்டக் கேட்டுச்சுங்க. சோறு போட்டுட்டு இருக்குது, திடீர்னு கேக்குது.

"அப்பா, சித்தப்பாவுக்குப் பங்கு தர்றேன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். எழுதியா குடுத்தேன்?"

ரசத்த ஊத்திட்டு உள்ள போயிருச்சு. அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல. மறந்துருச்சுன்னுதான் நினைச்சேன்.

அவினாசி வந்துருச்சா? தண்ணி வேணுங்களா? இந்தாங்க, நான் இன்னும் தொறக்கவே இல்ல. மிருதுளாதான் பஸ் ஸ்டாண்டுல வாங்கிக் குடுத்துச்சு.

எம் புள்ளையப் பத்திச் சொல்லோணுமில்ல. கெட்டிக்காரிங்க. பிளஸ் டூ முடிச்சுட்டு மண்ணு, பாறை, நிலத்தடித் தண்ணி, இதப் பத்திப் படிக்கறேன்னு நின்னுச்சு. மெட்ராஸுல ஒரு காலேஜுல எடமும் கெடைச்சுது. நாந்தான், "அம்மிணி, அதெல்லாம் படிச்சு எவங்கிட்டயோ வேலைக்குப் போறதுக்கா? பிகாம் படி, அப்பறம் எம்பிஏ படி. நம்ம கம்பெனி உனக்குத்தானே, நீதானே பாக்கப் போறே?"ன்னேன். மொகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. அந்த எடத்த விட்டுட்டு, கோயமுத்தூருல பிகாம் சேந்துச்சு. லீவுக்கு வந்தாக் கம்பெனி ஆபீஸுல வந்து உக்காந்து, அது என்ன, இது என்னன்னு குடைஞ்சு எடுக்கும்.

இப்ப ஆபீஸு மோகன் பாக்கறானுங்க. அது அதுபாட்டுக்கு நடக்குது. பொம்பளப்புள்ள ரிக் கம்பெனிய எப்பிடிங்க பாக்கும்? அன்னைக்குச் சொன்னது அது சந்தோசத்துக்குச் சொன்னது. புள்ளைங்ககிட்ட நாம சொல்றதில்லையா? மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குது.

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன். எம்பிஏ கடைசி வருசம். ஆர்கனைசேஷன் எகனாமிக்ஸ்னு ஒரு பாடமாமுங்க. ஒரு கம்பெனிக்குள்ள இருக்கற மனுசங்க ஏன் அப்பிடி நடந்துக்கறாங்க, ஏன் உழைக்கறாங்க, ஏன் ஏய்க்கறாங்கங்கற படிப்பு. அந்தப் பாடத்துல படிச்சத சொந்த அனுபவத்தோட சேத்து மேடையில பேசோணும். பெத்தவங்க வர்ற நாளுங்கறதால தமிழ்லயே பேசச் சொல்லிட்டாங்க. சம்சாரத்துக்கு ஒடம்பு முடியல, நான் மட்டும் போனேன். பெரிய ஹாலு. மூணாவது வரிசையில எடம் புடிச்சு உக்காந்துட்டேன்.

எனக்கு முன்ன பேசுனதுக எல்லாம் ஹாஸ்டல் சாப்பாடு, கிரிக்கெட் டீமுன்னு பேசுச்சுங்க. எம் புள்ள வந்துச்சு. அவங்கம்மா சீல கட்டியிருந்துச்சு. எடுத்த எடுப்புல, "பிரின்சிபல்"னு ஆரம்பிச்சுது. நான் மேடையில உக்காந்திருந்த காலேஜு பிரின்சிபலம்மாவ வணங்குதுன்னு நினைச்சேன். அடுத்து "ஏஜெண்ட்"ன்னுச்சு. எங்க தொழில்ல ஏஜெண்டுன்னா ஊரூருக்குப் பார்ட்டி புடிச்சுக் குடுக்கறவன். அப்பறந்தான் புரிஞ்சுது, பிரின்சிபல்னா வேலை வாங்கறவராம், ஏஜெண்டுன்னா அவருக்காக வேலை செய்யறவராம்.

"நான் சின்ன வயசுல இருந்து பாத்த ஒரு ரிக் கம்பெனியைப் பத்திச் சொல்லப்போறேன். முதலாளி ஓர் ஊர்ல இருப்பார். வேலை எங்கேயோ தூரத்துல நடக்கும். அங்க அவர் ஆள் உழைக்கிறாரா, தூங்குறாரா, முதலாளிக்குத் தெரியாது. அப்ப அவருக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கண்கொத்திப் பாம்பா காவல் காக்கணும். இன்னொண்ணு, இது என்னோட வண்டின்னு அந்த ஆளே நினைக்கிற மாதிரி ஒரு பங்கு குடுக்கணும்."

நல்லா வெளக்கமா சொல்லுச்சுங்க. பக்கத்துல உக்காந்திருந்தவருகிட்ட, எம் புள்ளதான்னு சொல்ல வாயெடுத்தேன்.

"இந்த முதலாளி மூணாவதா ஒரு வழி கண்டுபிடிச்சார். பங்கு குடுக்கல. குடுக்கிறேன்னு சொன்னார். அதுவே போதுமா இருந்துச்சு. அந்த ஆள் பங்காளி மாதிரியே உழைச்சார். முதலாளிக்கு இதுல ஒரு செலவும் இல்லை."

ஹாலே சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். எவனோ பலே கில்லாடி ஓனரா இருப்பான் போலருக்குதேன்னு. எங்கூர்ல அப்பிடி ரெண்டு மூணு பேரு இருக்காங்க, அவங்கள்ல யாரோன்னு நினைச்சேன்.

அப்பறம் ஆப்பிரிக்கான்னுச்சு. அந்த ஆளுக்கு ஆப்பிரிக்கா போகறதுக்கு ஒரு வாய்ப்பு வந்துச்சு, முதலாளி வார்த்தைய நம்பி விட்டுட்டாருன்னுச்சு.

பக்கத்துல இருந்தவருகிட்ட எம் புள்ளன்னு சொல்லாம விட்டதே நல்லதாப் போச்சுங்க.

அதுக்கப்பறம் சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணும் எனக்கு அப்பிடியே நிக்குது. எழுதாத ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குதாம். அது எத்தன நாளைக்கு நிக்கும்னா, வாக்கக் காப்பாத்தறதுல வர்ற லாவம், மீறறதுல வர்ற லாவத்தவிட எச்சா இருக்கற வரைக்கும் நிக்குமாம். "அது மாறுற நாள் எப்ப வரும்னு வாக்கு குடுத்தவருக்கே தெரியாது"ன்னுச்சு. ஒருத்தர் தன் உழைப்பு முழுசையும் ஒரே எடத்துல கொட்டிட்டாருன்னா, அதே மதிப்போட இன்னொரு எடத்துக்குப் போக முடியாது. அது தெரிஞ்சதும் எதுத்தாப்ல இருக்கறவரு பேரத்த மாத்துவாராம். அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு சொல்லுச்சு, மறந்துட்டேன். போட்டோ கேட்டது, டீசல் கேட்டது எல்லாத்தையும் சொல்லுச்சு. "பங்குன்னு நம்பி வேலை செஞ்சவர்மேல காவல் போட்டதும், அவர் வெறும் கூலி ஆளா மாறிட்டார்"னுச்சு. இதெல்லாம் இதுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?

அதையெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. "அந்த முதலாளி கெட்டவர் இல்லை. குடும்பத்துமேல பாசம் உள்ளவர். அந்த நேரத்துல அவர் எடத்துல யாரு இருந்தாலும் அநேகமா அதைத்தான் செஞ்சிருப்பாங்க"ன்னுச்சு. எப்பிடி இருக்குது பாருங்க. கெட்டவன்னு சொல்லியிருந்தாச் சண்டை போடலாம். கெட்டவர் இல்லைன்னு மைக்குல சொல்றா!

இன்னொண்ணுஞ் சொல்லுச்சு. "இதே கம்பெனியை நம்பி, தனக்குப் புடிச்ச படிப்பை விட்டுட்டு வந்த இன்னொருத்தரும் இருக்காங்க. அவங்களைப் பத்திப் பேச இன்னைக்கு நேரமில்லை"ன்னு. அது யாருன்னு எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கலீங்க. பஸ் ஏறுனதுல இருந்து ரோசிச்சுட்டு வர்றேன். எங்க கம்பெனியில அப்பிடிப் படிச்ச ஆளே கெடையாது.

கேள்வி கேக்கலாம்னாங்க. எனக்கு அடக்க முடியல. எந்திரிச்சுட்டேன். பெஞ்சப் புடிச்சுட்டு நின்னு கேட்டேன், "பங்கு தர்றேன்னு அந்த ஆளுக்கு எழுதிக் குடுத்திருந்தாங்களா?"

என்னையப் பாத்துச்சுங்க. மைக்கக் கிட்ட இழுத்துச் சொல்லுச்சு.

"இல்லைங்க சார். எழுதிக் குடுன்னு கேட்டா, முதலாளிய நம்பலைன்னு ஆயிடும்னு அவர் கேக்கலை."

சாராம்! பெத்த அப்பனச் சாருங்கறா. அத்தன பேரு முன்னால, யாரோ எவரோ மாதிரி. பக்கத்துல இருந்தவரு எங்கிட்டக் குனிஞ்சு, "நீங்களும் ரிக் தொழிலுங்களா? உங்க புள்ள இனிமேத்தான் பேசுதா?"ன்னு கேக்கறாரு. தலையாட்டி வெச்சேன்.

அதுக்குத்தான் மொதப் பரிசு. ஒசரமான ஒரு மேடம், அவங்கதான் அந்தப் பாடம் நடத்தறவங்க, மைக்கப் புடிச்சு, "மிருதுளாவோட அப்பா அம்மா வந்திருந்தா மேடைக்கு வரலாம்"னாங்க. நான் எந்திரிக்கறதா வேண்டாமான்னு இருக்கறப்பவே எம் புள்ள மேடம் காதுல என்னமோ சொல்லுச்சு. அவங்க, "அப்பாவுக்குக் கால்வலியாம், உக்காந்தே பாக்கட்டும்"னுட்டாங்க. எனக்கு ஏதுங்க கால்வலி? இன்னைக்கும் தோட்டத்துல நடந்தா எம் பின்னால ஒருத்தரும் வர முடியாது. மேடைக்குக்கூட என்னைய ஏத்தல, பாத்தீங்களா? அந்த அளவுக்கு நான் கேவலமாப் போயிட்டேன்.

வெளிய வந்தா வராண்டாவுல அர்த்தனாரி நிக்கறான். கடைசி வரிசையில உக்காந்திருக்கான். எம் புள்ளதான் வரச் சொல்லியிருக்குது. எனக்கு எப்பிடி இருக்கும்? அவன் பக்கத்துல வந்து, "அண்ணா, சாப்டீங்களா?"ன்னான். மொகத்தத் திருப்பிக்கிட்டேன்.

"பாப்பா நல்லாப் பேசுது, வந்து கேளுங்க சித்தப்பான்னுச்சு, வந்தனுங்ணா. இதப் பேசும்னு சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்"னான். கண்ணு செவந்திருந்துச்சு. எவ்வளவு நடிப்பு பாத்தீங்களா? அவன் வேணும்னா நல்லவனா நின்னுக்கட்டும், நான் நம்பறதா இல்ல.

அவன் அந்தப் பக்கம் போனதும் புள்ளையக் கேட்டேன். "ஏம்மிணி, ஊட்டு விசயத்தத் தெருவுல கொண்டாந்து வெக்கறதுக்கா நான் உன்னையப் படிக்க வெச்சேன்?"

"நான் யார் பேரும் சொல்லலப்பா."

"சொல்லாட்டி என்ன? எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியணும்னுதாம்ப்பா பேசினேன். ஊட்டுல சொன்னா நீங்க கேக்கலையே"ன்னுச்சு. கையில அந்தப் பரிசுக் கேடயம். அதத் தூக்கி எறியோணும்போல இருந்துச்சு எனக்கு.

அப்பறம் சொல்லுச்சுங்க. நின்ன எடத்துல, சும்மா காய்கறி வாங்கப் போறேங்கற மாதிரி சொல்லுச்சு. அர்த்தனாரியும் அந்த ஆளுங்களும் சேந்து பழைய ரிக் ஒண்ணு எடுத்திருக்காங்களாம். எல்லாரும் பங்காம். ரெண்டாவது வண்டிக்கு ஏற்பாடு பண்றாங்களாம். பரீச்சை முடிஞ்சதும் அங்க கணக்கும் ஆபீஸும் பாக்கப் போகுதாம். வேண்டாம், அண்ணன் வருத்தப்படுவாருன்னு சித்தப்பா எத்தனையோ சொன்னாராம், இதுதான் கேக்கலியாம்.

"பெத்த அப்பன் கம்பெனி இருக்கறப்ப அவங்கிட்டயா போவே?"ன்னேன்.

"எந்தக் கம்பெனிப்பா? மாமாவோடதா?"ன்னுச்சு.

"அது உனக்குத்தான்னு நான் சொல்லலியா?"

அது சிரிச்சுதுங்க. கெட்ட சிரிப்பில்ல. சின்னப்புள்ளையில கீழ விழுந்துட்டு அழுகாம இருக்கறதுக்குச் சிரிக்கும் பாருங்க, அந்தச் சிரிப்பு. "சொன்னீங்கப்பா"ன்னுச்சு. "அதனாலதான் இவங்ககிட்ட முதல்லயே எழுதி வாங்கிட்டேன். சித்தப்பா எதுக்குப் பாப்பா எழுத்தெல்லாம்னாரு. எழுதினாத்தான் சேருவேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அதுக்கு மேல அங்க நிக்க முடியல. நடந்தேன். அதுவும் பின்னாலயே வந்து, ஆட்டோ புடிச்சு, காந்திபுரம் வந்து, என்னைய இந்தப் பஸ்ஸுல ஏத்தி, சீட்டு புடிச்சுக் குடுத்து, தண்ணி வாங்கிக் குடுத்து, ஜன்னலுக்கு வெளிய நின்னுச்சு. "ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வர்றேம்ப்பா. அம்மாகிட்ட நானே சொல்றேன்"னுச்சு.

வராதேன்னு சொல்லிட்டேனுங்க. நீ வேண்டாம், அர்த்தனாரி ஊட்டுக்கே போன்னு சொல்லிட்டேன். பின்ன? ஒருத்தன் ஆளுங்களக் கூட்டிட்டுப் போனான், இப்ப எம் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டான். நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன், சொல்லுங்க. வேலை குடுத்தேன், சோறு போட்டேன், படிக்க வெச்சேன். எல்லாருக்கும் நல்லதாத்தானே நாலு வார்த்தை சொன்னேன்? அதையே திருப்பி எம்மேல வீசறாங்க. பஸ்ஸு கெளம்புச்சு. நான் அது பக்கம் திரும்பியே பாக்கல. ஸ்டாண்ட விட்டு வண்டி வளைஞ்சு வெளிய வர்ற வரைக்கும் அங்க ஒரு தூண்கிட்டயே நின்னுட்டு, சீலத் தலைப்புல கண்ணத் தொடைச்சுட்டு இருந்துச்சு.

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. பரவால்ல. வெளியாளு, என்ன சொல்லுவீங்க.

ஒரு நிமிசமுங்க, போன் அடிக்குது. ஊட்டுலருந்து.

ஆ, சொல்லு... பஸ்ஸுலதான், பெருந்துறை வரப்போகுது... ஆமா, பேசுனா. நல்லாத்தான் பேசுனா... மொதப் பரிசு... எதப் பத்தியா? தொழிலப் பத்தித்தான், உனக்கென்ன வெளங்கப் போகுது... ஆமா, எல்லாரும் கை தட்டுனாங்க... நானுந்தான். நான் தட்டாமயா? ... சரி சரி, வந்து சொல்றேன். வை.

இல்லீங்க, அவகிட்டப் பொய் சொல்லல. கை தட்டுனது நெசந்தான். ஹாலே தட்டறப்ப நான் ஒருத்தன் மட்டும் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தா, அந்த முதலாளி யாருன்னு தெரிஞ்சு போயிருமில்லீங்களா?